சூடேறியும் காயாத துணி

ஜனவரி மாதத்துக் காலை ஒன்றில், வெளியே பனி முழங்காலளவு விழுந்து இறுகிக் கிடக்க, கனடா தேசத்தில் டொராண்டோ மாநகரின் ஸ்கார்பரோப் பகுதியில் குடியிருக்கும் என் தமக்கை மகள், தன் வீட்டு நிலவறையில் ஓடிக்கொண்டிருந்த துணி உலர்த்தும் யந்திரத்தை நிறுத்தி, அதன் வட்டக் கதவைத் திறந்து, உள்ளிருந்து ஒரு குளியல் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். துண்டின் ஓரத் தையல் விரலைச் சுட்டது. மடிப்பை விரித்து நடுவில் கை வைத்தபோதோ ஈரம் இருந்தபடியே இருந்தது. இட்லித் தட்டிலிருந்து உரித்தெடுத்த துணியைப்போல அதிலிருந்து ஆவி கிளம்பியது. “ஒன்றரை மணி நேரமா ஓடுது மாமா. துணி வேகுதே தவிர காயமாட்டேங்குது” என்றாள். யந்திரத்தின் மேல் தகட்டில் உள்ளங்கையை வைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டியிருந்தது; இஸ்திரிப் பெட்டியின் கீழ்ப் பருத்தித் துணி சற்றே தீய்ந்தாற்போன்ற வாசனை நிலவறை முழுவதும் பரவியிருந்தது. முந்திய வருஷத்தில் இரண்டு தடவை அந்த யந்திரம் அடியோடு நின்றுபோனதென்றும், இரண்டு தடவையும் பழுதுபார்க்க வந்தவர் பின்புறத் தகட்டைக் கழற்றி, விரற்கடை அளவேயுள்ள ஒரு வெப்ப ஃபியூஸை மாற்றிவிட்டுப் போனாரென்றும், மாற்றியபின் சில வாரம் ஓடி மறுபடியும் இந்த நிலைக்கே வந்துவிட்டதென்றும் அவள் சொன்னாள்.

சூடு போதாமையால் துணி உலரவில்லை என்றால் அதில் விளங்காதது ஒன்றுமில்லை. சூடு அளவுக்கு மிஞ்சியிருக்கும்போதே துணி ஈரமாக இருப்பதுதான் மனத்தைக் குழப்புகிறது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரு குறைகளும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதையும், அந்த வேர் பெரும்பாலும் யந்திரத்திற்குள்ளேயே இருப்பதில்லை என்பதையும் காண வேண்டுமானால், துணி உலர்தல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் காரியம் எத்தகையது என்பதை முதலில் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் மொட்டைமாடிக் கொடியில் துணி போடும் எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் இந்த விஞ்ஞானம் அனுபவத்தில் தெரிந்தது. ஆடி மாதத்தில் வானம் மூடியிருந்தாலும், காற்று சுழன்று அடித்துக்கொண்டிருந்தால், எட்டு முழ வேஷ்டி ஒரு மணி நேரத்தில் சலசலவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், தாழ்வாரத்தில் கட்டிய கொடியிலே இரண்டு நாள் தொங்கினாலும் அதே வேஷ்டி ஈரவாடை அடித்துக்கொண்டு சில்லென்றே இருக்கும். வெயில் உஷ்ணத்தைத் தருகிறது. ஆனால் அந்த உஷ்ணத்தால் ஆவியான ஜலத்தை அங்கிருந்து எடுத்துச் செல்வது காற்று. எடுத்துச் செல்ல ஆளில்லாவிட்டால், துணியைச் சுற்றியுள்ள காற்று தான் தாங்கக்கூடிய ஈரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதன் பிறகு எத்தனை உஷ்ணம் கொடுத்தாலும் துணி வெந்துகொண்டிருக்குமே தவிர உலராது.

ஜலத்தை ஆவியாக்குவது எத்தனை செலவு பிடிக்கும் காரியம் என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர், 1760களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த ஜோசப் பிளாக். கொதிக்கும் நீரில் உஷ்ணமானியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அடுப்பெரித்தாலும் பாதரசம் ஒரே கோட்டில் நின்றுவிடுவதையும், ஆனாலும் அடுப்பிலிருந்து வெப்பம் இடைவிடாமல் உள்ளே சென்றுகொண்டிருப்பதையும் கண்ட அவர், அந்த வெப்பம் எங்கே மறைகிறது என்று கேட்டு, அது நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகி உள்ளுறை வெப்பமாக ஒளிந்துகொள்கிறது என்று விடை கண்டார். ஒரு கிராம் ஜலத்தைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க 100 கலோரி போதும். கொதிநிலையிலுள்ள அதே ஒரு கிராமை ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். கொதிக்காமல், சாதாரண உஷ்ணத்தில் ஆவியாகும்போது இந்தச் செலவு இன்னும் சற்று அதிகம். மண்பானையில் நீர் குளிர்வதும் இதனால்தான். பானையின் புறத்தே கசிந்து ஆவியாகும் நீர், தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானைக்குள்ளிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

சலவை யந்திரம் நன்றாகப் பிழிந்து கொடுத்த துணியிலும், ஒரு முழுச் சுமைக்குச் சுமார் 3 கிலோகிராம் ஜலம் தங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதை ஆவியாக்க ஏறத்தாழ 70 லட்சம் ஜூல், அதாவது மின்சாரக் கணக்கில் 2 யூனிட் வேண்டும். இந்தக் கணக்கைக் காட்டிலும் முக்கியமான ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. ஈரம் இருக்கிற வரையில், துணியின்மீது படும் உஷ்ணமெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே கழிந்துவிடுவதால், சுற்றிலும் கொதிக்கும் காற்று வீசினாலும் ஈரத்துணி அதிகம் சூடேறுவதில்லை. மண்பானையின் சுபாவம் அதற்கும் உண்டு. ஈரம் தீரும் கட்டத்தில்தான் துணியும், அதைக் கடந்து வரும் காற்றும் திடீரென்று சூடேறத் தொடங்குகின்றன. உலர்த்தும் யந்திரங்களைக் கட்டியவர்கள் இந்தச் சிறு உண்மையையே தங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கெல்லாம் அஸ்திவாரமாக வைத்தார்கள்.

கொடி கட்ட முடியாத குளிர்தேசங்களில் வெயிலையும் காற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் சாம்ப்ஸன் என்னும் கறுப்பினத்தவர், அடுப்பின் மேல் துணிகளைப் பரப்பி உலர்த்துவதற்கான ஒரு சட்டத்துக்கு 1892இல் காப்புரிமை பெற்றார். வட டகோட்டாவின் கொடிய பனிக்காலத்தில் வெளியே துணி போட்டு உறைந்துபோன கைகளோடு திரும்பும் துன்பத்தைக் கண்ட ராஸ் மூர் என்பவர், ஒரு கொட்டகையில் அடுப்பையும் உருளையையும் இணைத்துச் செய்து பார்த்த யந்திரம், பல வருஷ முயற்சிக்குப் பின் 1930களின் இறுதியில் விஸ்கான்ஸின் மாநிலத்து ஒரு தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

வீட்டுக்குள்ளிருக்கும் காற்று, யந்திரத்தின் பின்புறமுள்ள ஒரு தகட்டுக் கூட்டுக்குள் இழுக்கப்பட்டு, அங்கே சிவந்து கனன்றுகொண்டிருக்கும் நைக்ரோம் கம்பிச் சுருளைத் தாண்டிச் சூடேறி, சுழலும் உருளைக்குள் புகுந்து, புரளும் துணிகளின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, பஞ்சுத் துகளைப் பிடிக்கும் வலைச் சட்டத்தின் வழியே இறங்கி, விசிறியை அடைந்து, அங்கிருந்து ஒரு குழாய் மூலம் சுவரைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே போகிறது. விசிறி காற்றை உள்ளே தள்ளுவதில்லை; கடைசியில் நின்று இழுக்கிறது. ஆகவே வழியில் எங்கே அடைப்பு ஏற்பட்டாலும், வலையிலோ, குழாயிலோ, வெளிச்சுவரின் வாயிலிலோ, குறைவது ஒன்றுதான்: வெப்பச் சுருளின் மேல் ஓடும் காற்று.

அது குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கணக்குப் பிடிக்காத வாசகர்கள் இந்த ஒரு பத்தியை மட்டும் பொறுத்தருள வேண்டும். அத்தேசங்களில் வழங்கும் யந்திரங்களின் சுருள் சுமார் 5,000 வாட் சக்தியுடையது. நிமிடத்திற்கு 3 லட்சம் ஜூல் வெப்பத்தை அது கொட்டுகிறது. விசிறி நிமிடத்திற்கு 3.6 கன மீட்டர் காற்றை இழுக்கிறதென்றால், அதன் எடை சுமார் 4.3 கிலோகிராம், ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சென்டிகிரேட் உயர்த்த ஏறத்தாழ 1,000 ஜூல் தேவை. வகுத்துப் பார்த்தால், சுருளைக் கடக்கும் காற்றின் உஷ்ணம் 70 டிகிரி உயருகிறது. 25 டிகிரியில் நுழைந்த காற்று 95 டிகிரியில் உருளைக்குள் போகிறது. இப்போது குழாய் பாதி அடைத்துக்கொண்டு காற்று பாதியாகக் குறைந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். சுருளுக்கு அது தெரியாது. அது முன்போலவே 3 லட்சம் ஜூலைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. பாதிக் காற்றின் தலையில் முழு வெப்பமும் ஏற, உயர்வு 140 டிகிரியாகி, உருளைக்குள் நுழையும் காற்று 165 டிகிரியைத் தொடப் பார்க்கிறது. யந்திரத்தில் ஒரு பாகமும் கெடவில்லை. ஒரு கம்பியும் அறவில்லை. ஆனாலும் அது எரியத் தயாராகிவிட்டது.

அதைத் தடுக்க மூன்று காவலர்களை வைத்திருக்கிறார்கள். முதலாவது, விசிறிக் கூண்டின்மேல், துணிகளைக் கடந்து வரும் காற்று படும் இடத்தில் அமர்ந்திருக்கும் தெர்மோஸ்டாட். பித்தளையையும் எஃகையும் ஒட்டி ஒரே பட்டையாக்கினால், சூடேறும்போது ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் நீளுவதால் பட்டை வளையும் என்ற உண்மையை, 18ஆம் நூற்றாண்டில், கப்பலில் கொண்டுசெல்லும் கடிகாரம் வெப்பதட்பத்தால் பிழைபடாதிருக்கும் பொருட்டு இங்கிலாந்து தேசத்து ஜான் ஹாரிஸன் பயன்படுத்தினார். அதே உண்மைதான் இங்கும் வேலை செய்கிறது. சற்றே குழிந்த ஓர் இருலோகத் தகடு, குறிப்பிட்ட உஷ்ணம் வந்ததும் ‘டிக்’ என்று எதிர்ப்புறம் புரண்டு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பல யந்திரங்களில் இது சுமார் 68 டிகிரியில் துண்டித்து, 54 டிகிரிக்கு இறங்கியதும் மீண்டும் இணைக்கும். புதிய யந்திரங்களில் இதன் ஸ்தானத்தில் தெர்மிஸ்டர் என்னும் சிறு மணியைக் காணலாம். சூடேறச் சூடேற மின்தடை குறையும் பொருள்கள் உண்டென்பதை 1833லேயே வெள்ளி சல்பைடில் கண்டு சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. இரண்டாவது காவலன் வெப்பச் சுருளின் கூட்டின்மேலேயே இருக்கிறான். சுமார் 121 டிகிரியில் சுருளை அணைத்து, 77 டிகிரிக்கு இறங்கும் வரையில் அணைந்தபடியே வைத்திருப்பது அவன் வேலை. மூன்றாவதுதான் வெப்ப ஃபியூஸ். விசிறிக் கூண்டில் இருக்கும் அது, சுமார் 91 டிகிரியில் ஒரே ஒரு முறை அறுந்து உயிரை விடுகிறது, மறுபடி இணைவதில்லை. அது அறுந்தால் சில யந்திரங்களில் வெப்பம் மட்டும் நிற்கும். சிலவற்றில் மோட்டாரே ஓடாது.

இனி, துணி ஏன் சுட்டும் காயவில்லை என்ற கேள்விக்குத் திரும்பலாம். காற்று குறைந்ததும் சுருளின் கூடு கொதித்து, இரண்டாவது காவலன் சுருளை அணைக்கிறான். கூடு மெல்ல ஆறுவதற்குள் சில நிமிடம் கழிந்துவிடுகிறது. மறுபடி சுருள் எரிந்து, மறுபடி அணைகிறது. ஒரு மணி நேரம் ஓடும் யந்திரத்தில் சுருள் உண்மையில் எரிவது அதில் ஒரு பகுதி நேரமே. ஆகவே துணிக்குச் சேரும் வெப்பத்தின் மொத்த அளவு குறைகிறது. ஆனால் சேரும்போது கடுஞ்சூடாகச் சேர்ந்து, உருளையின் வாயருகே புரளும் ஓரங்களை மட்டும் தீய்க்கிறது. ஆவியான ஈரமோ வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றுகிறது. இத்தனையும் நடக்கும்போது, ஈரத்துணியைக் கடந்து குளிர்ந்து வரும் காற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் முதற்காவலன், எல்லாம் க்ஷேமம் என்று நினைத்து வாளாவிருக்கிறான். கடைசியில் ஈரம் தீர்ந்து, தேங்கி நின்ற சூடு விசிறிக் கூண்டை அடையும்போது ஃபியூஸ் அறுகிறது. அறுந்த ஃபியூஸ் குற்றவாளியன்று. குற்றம் நடந்ததற்குச் சாட்சி. சாட்சியை மாற்றிவிட்டால் வழக்கு முடிந்துவிடாது. ஃபியூஸை விலக்கிவிட்டு இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. அது வீட்டுக்குத் தீ வைக்கும் செயல் என்பதைத் தவிர வேறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் தமக்கை மகள் வீட்டில் செய்தது மிக எளிய பரீட்சை. முதலில் மின்செருகியைப் பிடுங்கினோம். பிறகு மாப்பிள்ளையும் நானுமாக யந்திரத்தை இரண்டடி முன்னே இழுத்தோம். பின்புறத்திலிருந்து சுவருக்குச் செல்லும் சுருக்கக் குழாய், மெல்லிய அலுமினியத் தாளால் ஆனது, பூவரசிலைப் பீப்பீ காலில் மிதிபட்டாற்போல நசுங்கிக் கிடந்தது. இடம் மிச்சம் பிடிக்க யாரோ யந்திரத்தைச் சுவரோடு சுவராக நெருக்கித் தள்ளியிருக்கிறார்கள். அந்தக் குழாயைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்தபடி வைத்து, ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டினோம். கையை நீட்டினால் தள்ளும்படியான காற்று வந்தது. சமையலறை உஷ்ணமானியை அதில் பிடித்தபோது 60 டிகிரியைச் சுற்றியே ஏறி இறங்கியது. ஓர் ஆரோக்கியமான யந்திரத்தின் வெளிக்காற்று 50 முதல் 70 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆகவே யந்திரத்தில் கோளாறில்லை. கோளாறு அதன் மூச்சுக்குழலில். (எரிவாயுவால் சூடேற்றும் யந்திரத்தில் இந்தப் பரீட்சையைச் செய்யவே கூடாது, அங்கே குழாயில் வருவது கார்பன் மோனாக்ஸைடு கலந்த எரிபுகையும்கூட.)

பனிக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் வீட்டைச் சுற்றினோம். சுவரில் அந்தக் குழாய் முடியும் இடத்தில், காற்று வரும்போது திறந்து, நின்றதும் தானே மூடிக்கொள்ள வேண்டிய மூன்று மடிப்புகள் இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. ஈரக்காற்றோடு வந்த பஞ்சுத் துகள் குளிர்ந்த உலோகத்தில் ஒட்டி, அதன்மேல் நீர் உறைந்து, மறுபடி பஞ்சு ஒட்டி, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டுபோல ஒரு தடுக்கு அங்கே முளைத்திருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு, நீண்ட காம்புள்ள தூரிகையைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றி இழுக்க இழுக்க வந்ததை ஒரு தலையணை உறையில் கட்டினோம், உறை நிறைந்துவிட்டது. தலையணையாகவே வைத்துக்கொள்ளலாம் போல மெத்தென்றிருந்த அந்தப் பொருளின் ஒரு சிட்டிகையைப் பனியின்மேல் வைத்து மாப்பிள்ளை தீக்குச்சி கிழித்துக் காட்டினார். கற்பூரத்தைப் போலப் பற்றிக்கொண்டது. பருத்தி நூலின் நுண்துகள் அது. ஒவ்வோர் இழையைச் சுற்றியும் காற்று இருப்பதால் அதற்குப் பற்றுவதற்குத் தாமதமில்லை.

இந்தக் குழாய் விஷயத்தில் அத்தேசங்களின் கட்டட விதிகள் மிகக் கண்டிப்பானவை. அந்தக் கண்டிப்பு நியாயமானது. குழாய் 4 அங்குல விட்டமுள்ளதாய், உள்ளே வழவழப்பான உலோகத்தால் ஆனதாய் இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியிருப்பு விதி, குழாயின் நீளத்தைச் சாதாரணமாக 35 அடிக்குள் அடக்குகிறது. அதிலும் ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்திற்கும் 5 அடியைக் கழித்துவிட வேண்டும், ஏனெனில் ஒரு திருப்பம் காற்றுக்குத் தரும் தடை அத்தனை அடி நேர்குழாய் தரும் தடைக்குச் சமம். இணைப்புகளில் உள்ளே முனை நீட்டும் திருகாணி கூடாது. அந்த முனையில் ஓர் இழை சிக்கினால், நாளடைவில் அது குருவிக்கூடு ஆகிவிடும். வெளிவாயிலில் கொசுவலை போன்ற கம்பிவலை அடிப்பதும் கூடாது. அன்றே நசுங்கிய தாள்குழாயை எறிந்துவிட்டு விறைப்பான உலோகக் குழாயைப் பொருத்தினார் மாப்பிள்ளை. காலையில் காயாதிருந்த அதே துணிகள் நாற்பத்தைந்து நிமிடத்தில் மொறமொறவென்று காய்ந்து வந்தன.

உள்ளேயிருக்கும் வலைச் சட்டத்தை ஒவ்வொரு தடவையும் துடைக்கிறோமே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. துடைத்த வலையைக் குழாயடியில் பிடித்து நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் சல்லடையில் விழுவதுபோல இறங்கிப்போனால் நல்லது. தட்டில் ஊற்றியதுபோல் தேங்கி நின்றால், மணத்திற்காகவும் மென்மைக்காகவும் துணியோடு போடும் தாள்களின் மெழுகுப் பூச்சு அந்தக் கண்களை அடைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தைச் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவிவிடலாம்.

மூச்சுக்குழல் சுத்தமாக இருந்தும் சூடு மிகுமானால், அப்போதுதான் யந்திரத்தின் உள்ளே பார்க்க வேண்டும். அங்கே நிகழக்கூடிய கோளாறுகளில் மிகவும் விசித்திரமானது ஒன்று உண்டு. அதை நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மின்சாரத்தின் ஒரு நுட்பம் அதிலே துலங்குகிறது. வட அமெரிக்க வீடுகளில் இந்த யந்திரத்திற்கு இரண்டு உயிர்க்கம்பிகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பூமிக்கும் இடையே 120 வோல்ட், இரண்டுக்கும் இடையே 240 வோல்ட். வெப்பச் சுருள் இந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருக்கிறது. தெர்மோஸ்டாட்டுகளோ ஒரு கம்பியின் பாதையில் மட்டுமே நிற்கின்றன. இரண்டில் ஒன்றைத் துண்டித்தால் போதுமே, மின்சாரம் ஓடாதே என்பது கட்டியவர்களின் கணக்கு. அது சரியான கணக்குத்தான். ஆனால் வருஷக்கணக்கில் சிவந்து ஆறிச் சிவந்து ஆறிய நைக்ரோம் கம்பி ஒரு நாள் தொய்ந்து, தன்னைச் சுற்றியுள்ள தகட்டுக் கூட்டைத் தொட்டுவிடுமானால், அந்தக் கூடு எர்த் ஆகியிருப்பதால், மின்சாரத்திற்கு மூன்றாவதாக ஒரு வழி பிறந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் தன் பக்கத்துக் கம்பியைத் துண்டித்த பிறகும், மறுபக்கத்துக் கம்பியிலிருந்து சுருளின் ஒரு பகுதி வழியாகக் கூட்டுக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். சுருள் நட்டநடுவில் தொட்டிருந்தால், வோல்ட் பாதி, தடையும் பாதி. ஆகவே எரியும் சக்தி முழுமையில் சரிபாதி, சுமார் 2,500 வாட். மோட்டார் ஓடுகிற வரையில் அந்த நெருப்பை அணைக்க யாருமில்லை. ஃபியூஸ் அறுந்தாலும் மோட்டார் நிற்காத யந்திரங்களில், காவலர்கள் மூவரும் தத்தம் கடமையைச் செய்துவிட்டு, செய்ததற்குப் பயனின்றி நிற்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கும் உபாயம், இதைப் புரிந்துகொண்டவனுக்குச் சுலபமானது. யந்திரத்தின் திருகியை வெப்பமின்றி வெறுங்காற்று மட்டும் வீசும் நிலையில் வைத்து ஓட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து உருளைக்குள் கைவிட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டிய இடம் கதகதப்பாக இருந்தால் சுருள் கூட்டைத் தொட்டுவிட்டது என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். உறுதி செய்ய வேண்டுமானால், மின்செருகியைப் பிடுங்கி, சுருளின் இரு கம்பிகளையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சுருளிலும் மறுமுனையைத் தகட்டுக் கூட்டிலும் வைக்க வேண்டும். சுருளின் இரு முனைகளுக்கிடையே சுமார் 10 ஓம் காட்டுவது முறை. சுருளுக்கும் கூட்டுக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் புதிய சுருள் வாங்குவதைத் தவிர வேறு சிகிச்சை இல்லை. தொய்ந்த கம்பியை நிமிர்த்தி வைப்பது, அது மறுபடியும் தொய்யும் வரையில்தான்.

மற்றவை சில்லறைக் காரணங்கள். தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் பொறி பட்டுப் பட்டு ஒட்டிக்கொள்ளலாம். விசிறிச் சக்கரத்தின் துளை தேய்ந்து, மோட்டார் சுழன்றாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு நிற்கலாம். உருளையின் விளிம்பைச் சுற்றியுள்ள கம்பளிப் பட்டை நைந்து, சுருளின்மேல் வர வேண்டிய காற்று குறுக்கு வழியில் உள்ளே புகலாம். போர்வையும் மெத்தை விரிப்பும் ஒரே சுமையாகத் திணிக்கப்பட்டால் உருளைக்குள் காற்று புகவே இடமிராது.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. 2008 முதல் 2010 வரையிலான காலத்தைப் பரிசீலித்த அமெரிக்க அரசாங்கத்தின் தீயணைப்பு நிர்வாகம், ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் இந்த யந்திரங்களால் நேர்கின்றன என்றும், அவற்றில் ஆண்டுக்குச் சுமார் 5 பேர் மாண்டு 100 பேர் காயமடைகின்றனர் என்றும் கணக்குத் தந்தது. விபத்துக்கான காரணங்களில் தலையாயது, மொத்தத்தில் 34 சதவிகிதம், சுத்தம் செய்யாமல் விட்டது. விபத்துகள் உச்சத்தை எட்டும் மாதம் ஜனவரி.

நம்மவர்கள் இல்லங்களில் இதற்கு மேலும் ஓர் அபாயம் உண்டு. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடல் கடந்து போனாலும் எண்ணெய்க் குளியலை விடாத குடும்பங்கள் பல. நல்லெண்ணெய் தேய்த்த தலையைத் துவட்டிய துண்டும், சமையலறையில் எண்ணெய் துடைத்த துணியும், துவைத்த பிறகும் எண்ணெயை முழுவதும் விட்டுவிடுவதில்லை. நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு மெல்ல மெல்லக் கூடும் சுபாவம் உடையவை; கூடும்போது வெப்பம் பிறக்கும். கொடியில் தொங்கும் துணியில் அந்த வெப்பம் பிறந்தவுடனே சிதறிப்போகிறது. யந்திரத்திலிருந்து சூட்டோடு அள்ளிக் கூடையில் குவித்த துணியிலோ அது வெளியேற வழியின்றி நடுக்குவியலில் சேர்ந்து, சூடு ஏற ஏற ஆக்ஸிஜனோடு கூடும் வேகமும் ஏறி, சில மணி நேரத்திற்குப் பிறகு, யந்திரம் நின்று, வீட்டார் உறங்கிய பின், குவியல் தானே பற்றிக்கொள்ளக்கூடும். அப்படிப்பட்ட துணிகளை யந்திரத்தில் இடாமல் கொடியிலேயே உலர்த்துவது உத்தமம். எந்தத் துணியானாலும், யந்திரம் முடிவில் வெப்பத்தை அணைத்துவிட்டு வெறுங்காற்றை வீசும் அந்தச் சில நிமிடங்களைப் பொறுமையின்றி நடுவில் நிறுத்திவிடலாகாது. குவியல் ஆறுவதற்கென்றே அந்த ஏற்பாடு.

ஆகையால், இந்த யந்திரத்தை வைத்திருக்கும் வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: இன்று துணி போட்டதும், யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பனியானாலும் மழையானாலும் வீட்டுக்கு வெளியே போய், சுவரில் அந்தக் குழாய் முடியும் இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள். மடிப்புகள் நன்றாகத் தூக்கிக்கொண்டு, வெதுவெதுப்பான ஈரக்காற்று கையைத் தள்ள வேண்டும். தள்ளவில்லையென்றால் யந்திரத்தை நிறுத்திவிட்டுக் குழாயைக் கழற்றுங்கள். ஃபியூஸ் வாங்கும் யோசனை அதற்குப் பிறகு.